ஈறுக்கு எந்த பிரஷ்? மூன்றையும் வாங்கிப் பார்த்த குறிப்புகள்

வாஷ்பேசினில் துப்பும்போது இளஞ்சிவப்பாக வருவது எனக்கு ஒன்றிரண்டு வருஷமாகவே உண்டு. பேஸ்ட்டோட கலர் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பேஸ்ட் வெள்ளை.

போன வருஷம் ஒரு கடைவாய்ப்பல் பக்கம் லேசாக வீங்கியபோதுதான் பல் டாக்டரிடம் போனேன். அதற்கு முன் வேறொரு கிளினிக்கில் இரண்டு தடவை 'கிளீனிங்' செய்திருக்கிறேன். பதினைந்து நிமிஷ வேலை, பில், வாய் கொப்பளிக்கும் மருந்து, அவ்வளவுதான். இந்த டாக்டர் அப்படிச் செய்யவில்லை. மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஈறுக்குள் இறக்கி, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் எண்களை வாசித்துக்கொண்டே போனார். "மூணு, ரெண்டு, மூணு… ரெண்டு, ரெண்டு, நாலு… அஞ்சு." அந்த அஞ்சில் எனக்கு அடிவயிறு கொஞ்சம் கலங்கியது. அதற்குக் காரணம் அப்பா.

அப்பாவுக்கு ஒரு சொத்தைப் பல்கூடக் கிடையாது. ஐம்பத்தைந்து வயதுவாக்கில் கீழ் முன்பற்கள் ஆட ஆரம்பித்தன. அறுபதில் பல்செட். சர்க்கரை வேறு. பல் நன்றாகத்தான் இருந்தது, அதைப் பிடித்து நிறுத்தும் எலும்புதான் கரைந்துபோயிருந்தது. எனக்கு இப்போது நாற்பத்திநாலு.

கிளம்பும்போது, "எந்த பிரஷ் வாங்கலாம் டாக்டர்?" என்று கேட்டேன். "எதுனாலும் சரி சார், ரெண்டு நிமிஷம் ஒழுங்கா தேய்ங்க" என்றார். சாஃப்ட்வேர்காரனுக்கு இந்தப் பதில் போதுமா? வீட்டுக்கு வந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கூடவே சாதா பிரஷ், எலெக்ட்ரிக் பிரஷ், ப்ளூடூத் வைத்த 'ஸ்மார்ட்' பிரஷ் என்று மூன்றையும் வாங்கினேன். மனைவி அந்த மூன்றாவதின் விலையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு பல்லே கட்டிக்கலாமே" என்றாள். நான் டாக்டரில்லை, பி.இ. படித்தவன். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பிரஷ்ஷுக்குப் போகும் முன் ஈறில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். இது புரியாமல் எந்த பிரஷ் விளம்பரத்தையும் எடைபோட முடியாது.

பல்லின் மேல் படியும் பிளாக் வெறும் சோற்றுத் துணுக்கு அல்ல. பாக்டீரியாக்கள் தாங்களே சுரக்கும் பசைக்குள் கூட்டமாகக் குடியிருக்கும் படலம் அது. கொப்பளித்தால் போகாது, உரசினால்தான் போகும். ஈறு விளிம்பில் அது சில நாள் தங்கினால் உடம்பு அதை எதிர்க்கத் தொடங்குகிறது. ஈறு சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் ரத்தம் வருகிறது. இதை நிரூபித்தது டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ குழுவினர் செய்த ஓர் எளிய சோதனை. ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதையே நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. திரும்பத் துலக்கச் சொன்னதும் ஒரு வாரம்போல ஆகும்போது சரியாகிவிட்டது. 1965-இல் வெளியான கட்டுரை இது. இன்றைக்கும் இந்தத் துறைக்கு இதுதான் அஸ்திவாரம்.

இந்தக் கட்டம் வரை எல்லாம் திரும்பிவிடும். அழற்சி உள்ளே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் எலும்பையும் அரிக்க ஆரம்பித்தால் அது வேறு வியாதி. அதில் போன எலும்பு துலக்குவதால் திரும்பாது. டாக்டர் கம்பியை விட்டுப் பார்த்தது இதைத்தான். மூன்று மில்லிமீட்டர் வரை சாதாரணம், நாலிலிருந்து கவனிக்க வேண்டிய பள்ளம்.

அதே லோ இன்னொரு ஆய்வும் செய்தார். அது நமக்கு ரொம்பப் பக்கம். இலங்கை மலையகத்தில் இரண்டு தேயிலைத் தோட்டங்களின் ஆண் தொழிலாளர்கள் 480 பேரை 1970-இலிருந்து 1985 வரை தொடர்ந்து பரிசோதித்தார்கள். பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ எட்டாதவர்கள் என்பதால்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஈறு நோய் எப்படிப் போகும் என்று உலகத்துக்குத் தெரிந்தது அவர்கள் வாயிலிருந்துதான். பாடப்புத்தகங்களில் அவர்கள் ஒரு வரைபடக் கோடாக இருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான்.

அந்த ஆய்வின் முடிவு என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. எல்லோர் வாயிலும் பிளாக், காரை, ஈறு அழற்சி. ஆனால் எல்லோருக்கும் எலும்பு ஒரே வேகத்தில் போகவில்லை. சுமார் 8 சதவீதம் பேருக்கு மளமளவென்று போனது, 81 சதவீதம் பேருக்கு மிதமாக, 11 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சிக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை. அதே அழுக்கு, வேறு உடம்பு. "எங்க தாத்தா பல்லே விளக்கினதில்ல, எண்பது வயசுல கரும்பு கடிச்சாரு" என்று வாதாடுபவர்களின் தாத்தா அந்தப் பதினொன்றில் ஒருவராக இருந்திருப்பார். நான் எந்தக் கூட்டம் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே தடயம் அப்பாவின் பல்செட்.

சரி, பிரஷ்.

எலெக்ட்ரிக் பிரஷ் புதுசு இல்லை. சுவிட்சர்லாந்தில் 1954-இலேயே 'ப்ராக்ஸோடென்ட்' என்று ஒன்று வந்துவிட்டது. இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு ஜாதி. ஒன்று வட்டத் தலை, இடமும் வலமுமாகத் திருகித் திருகி ஆடும். ஓரல்-பி 1990-களின் தொடக்கத்தில் பரப்பிய வகை. இன்னொன்று நீளத் தலை, சாதா பிரஷ் மாதிரியே இருக்கும், ஆனால் அதிவேகமாக அதிரும். இது 'சோனிக்'. சோனிகேர் 1992-இல் கொண்டுவந்தது.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். "நிமிஷத்துக்கு 31,000 அசைவு" என்றால் போக ஒன்று வர ஒன்று என்று எண்ணியிருக்கிறார்கள். இரண்டால் வகுத்து, அறுபதால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 260 அதிர்வு. திருகும் வகையின் 8,800-ஐ அதே மாதிரி வகுத்தால் 73. அப்படியானால் சோனிக் மூன்றரை மடங்கு மேலா? இல்லை. ஒன்று சின்னச் சின்னதாக வேகமாக அசைகிறது, மற்றது பெரிய வீச்சில் அசைகிறது. இரண்டையும் ஒரே எண்ணில் ஒப்பிடுவது, தையல் மெஷினையும் மாவு அரைக்கும் கிரைண்டரையும் சுற்றை எண்ணி ஒப்பிடுவது மாதிரி. சோனிக் பிரஷ் கிளப்பும் நீரோட்டமே மயிர் தொடாத இடத்தையும் சுத்தம் செய்யும் என்று சொல்வார்கள். ஆய்வுக்கூடத்தில் அப்படி நடப்பதைக் காட்டியிருக்கிறார்கள். வாய்க்குள் அதை நம்பி நான் ஒரு பல்லையும் விடமாட்டேன்.

சாதாவா எலெக்ட்ரிக்கா என்ற கேள்விக்கு அதிகம் மேற்கோள் காட்டப்படுவது காக்ரேன் குழுவின் 2014 தொகுப்பாய்வு. 56 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எலெக்ட்ரிக்கால் பிளாக் 11 சதவீதம் குறைவு, ஈறு அழற்சி 6 சதவீதம் குறைவு. மூன்று மாதத்துக்கு மேல் போன சோதனைகளில் பிளாக் 21 சதவீதம், அழற்சி 11 சதவீதம் குறைவு. அதிகச் சான்று இருந்தது திருகும் வட்டத் தலைக்கு.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கணும். அந்த 11 சதவீதம் என்பது நூறு பேரில் பதினோரு பேருக்குக் குணமானது என்று அர்த்தமில்லை. ஈறை 0 முதல் 3 வரை மதிப்பிடும் ஒரு அளவுகோல் இருக்கிறது. அதில் சாதா பிரஷ்காரருக்கு 1.00 என்றால் எலெக்ட்ரிக்காரருக்கு 0.89. கண்ணாடியில் பார்த்தால் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. நீண்டகாலத்தில் இதனால் என்ன பயன் என்பது தெளிவில்லை என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். விளம்பரத்தில் அந்த வரி வராது.

நீண்டகாலத்துக்கு ஓரளவு பதில் சொல்வது வடகிழக்கு ஜெர்மனியின் பொமரேனியப் பகுதியில் நடந்த ஆய்வு. 2,819 பேரைப் பதினோரு வருஷம் வரை பின்தொடர்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். எலெக்ட்ரிக் பயன்படுத்தியவர்களுக்கு ஈறுப் பள்ளம் ஆழமாவது 22 சதவீதமும், பல்லின் பிடிப்பு போவது 21 சதவீதமும் குறைவாக இருந்தன. விழுந்த பற்களும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இவர்களுக்கு யாரும் குலுக்கல் முறையில் பிரஷ் கொடுக்கவில்லை, அவரவரே வாங்கிக்கொண்டது. விலை அதிகமான பிரஷ் வாங்குபவர் படித்தவராக, புகைக்காதவராக, டாக்டரிடம் ஒழுங்காகப் போகிறவராக இருக்க வாய்ப்பு அதிகம். கணக்கில் இதையெல்லாம் சரிக்கட்டித்தான் பார்த்திருக்கிறார்கள். இருந்தும் பல்லின் மேல் அக்கறை என்பதை எந்தப் பத்தியில் போட்டுச் சரிக்கட்டுவது?

என் முடிவு: எலெக்ட்ரிக்குக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு, அது உண்மையானது, ஆனால் சின்னது. அந்தச் சாதகம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. சாதா பிரஷ் ஆய்வுகளின் ஒரு தொகுப்பு, ஒரு நிமிஷம் துலக்கினால் சுமார் 27 சதவீதம் பிளாக் போகிறது, இரண்டு நிமிஷமானால் 41 சதவீதம் என்று கணக்கிட்டது. அதாவது, ஒழுங்காகத் துலக்கினாலும் பாதிக்கு மேல் அங்கேயே இருக்கிறது! நேரத்தை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் லாபம் பிரஷ்ஷை மாற்றினால் கிடைப்பதைவிடப் பெரிசு. எலெக்ட்ரிக் பிரஷ்ஷில் அரை நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு விக்கல் விக்கி, இரண்டு நிமிஷத்தில் நிற்கும் டைமர் இருக்கிறது. என் சந்தேகம், மோட்டார் செய்யும் வேலையில் ஒரு பங்கை அந்த டைமர்தான் செய்கிறது.

இனி ஸ்மார்ட் பிரஷ். இதில் எனக்குத் தொழில்ரீதியாகவே ஒரு ஆசை இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கைப்பிடிக்குள் இருப்பது போனில் இருக்கும் அதே மாதிரி அசைவு சென்சார்கள். ஒன்று புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று சொல்லும், அதனால் பிரஷ் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியும். இன்னொன்று எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்லும். மேல்வரிசையா கீழ்வரிசையா என்பது சாய்வை வைத்து ஓரளவு பிடிபடும். சிக்கல் இடம் வலத்தில். நிமிர்ந்த அச்சைச் சுற்றித் திரும்பினால் புவியீர்ப்புக்கு அது தெரியவே தெரியாது. திருப்பு சென்சாரை வைத்துக் கூட்டிக் கூட்டிப் போகலாம், ஆனால் சின்னப் பிழைகளும் கூடிக்கொண்டே போகும். நீங்கள் பையனைக் கூப்பிடத் தலையைத் திருப்பினால் பிரஷ்ஷும் கூடவே திரும்புகிறது. திரும்பியது தலையா கையா என்று அதற்கு எப்படித் தெரியும்? நிறைய பேர் துலக்குவதைப் பதிவுசெய்து, அந்த அசைவுகளைக் கற்றுக்கொண்ட மாடல் ஒன்றை வைத்து ஊகிக்கிறார்கள். முன்பு ஓரல்-பி ஒரு மாடலில் போன் கேமராவையே கண்ணாடியில் ஒட்டவைத்து முகத்தைப் பார்க்கச் சொன்னது இந்தக் குறையை ஈடுகட்டத்தான் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் சரியாக வேலை செய்தாலும், ஆப்புக்குத் தெரிவது பிரஷ் எந்தப் பகுதியில் எத்தனை நொடி இருந்தது என்பதுதான். மயிர் ஈறு விளிம்பைத் தொட்டதா, அல்லது ஒரு மில்லிமீட்டர் மேலேயே ஓடிக்கொண்டிருந்ததா என்று அதற்குத் தெரியாது. ஈறு நோய் இருப்பது அந்த ஒரு மில்லிமீட்டரில்.

இதை நான் வீட்டிலேயே பார்த்தேன். மருந்துக்கடையில் சொல்லிவைத்து, பிளாக்கைச் சிவப்பாக்கிக் காட்டும் மாத்திரை வாங்கினேன். துலக்கி முடித்து மென்று கொப்பளித்தால், விட்டுப்போன இடமெல்லாம் பளிச்சென்று இளஞ்சிவப்பில் நிற்கும். முதல் நாள் ஆப் எனக்கு 97 மதிப்பெண் போட்டது. மாத்திரையைப் போட்டுப் பார்த்தால் கீழ்க்கடைவாய்ப் பற்களின் நாக்குப் பக்கம் முழுக்க ஒரு சிவப்புக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி, ஈறு ஓரமாக. டாக்டர் அஞ்சு என்று சொன்ன அதே இடம். 97 மதிப்பெண்ணை நம்பி நான் எத்தனை மாதம் வேண்டுமானாலும் அந்த இடத்தை விட்டிருப்பேன்.

அப்புறம் ஆறு வாரம் ஒரு கூத்து. ஒவ்வொரு இரவும் நாணயம் சுண்டி சாதாவா எலெக்ட்ரிக்கா என்று முடிவுசெய்து, இரண்டு நிமிஷம் துலக்கி, வாரத்தில் மூன்று நாள் மாத்திரை போட்டுப் படம் எடுத்து வைத்தேன். எந்தப் படம் எந்த பிரஷ் என்று சொல்லாமல் மனைவியை மதிப்பெண் போடச் சொன்னேன். "கல்யாணத்தப்போ இதெல்லாம் சொல்லவே இல்ல" என்றாள், ஆனாலும் போட்டாள். பதினெட்டுப் படங்களை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லக்கூடாது. உதட்டுப் பக்கத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. கீழ்க்கடைவாயின் உள்பக்கத்தில் மட்டும் எலெக்ட்ரிக் ஓரளவு தெளிவாக முந்தியது. சின்ன வட்டத் தலை அங்கே நுழைகிறது, என் சாதா பிரஷ்ஷின் தலை நுழையவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். குழந்தைகள் பிரஷ் ஒன்றை வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். அது தோன்றியது பிறகுதான்.

எதிர்பாராமல் கற்றது அழுத்தம் பற்றி. சமையலறைத் தராசில் பிரஷ்ஷை வைத்து, வழக்கம்போல அழுத்தினேன். சாதா பிரஷ்ஷில் 400 கிராமுக்கு மேல் காட்டியது. எலெக்ட்ரிக்கில் சிவப்பு விளக்கு எரியாமல் தேய்த்தால் அதில் பாதிகூட இல்லை. பாத்திரம் தேய்க்கிற மாதிரி இருபது வருஷம் பல்லைத் தேய்த்திருக்கிறேன்! என் கோரைப்பற்களில் ஈறு மேலேறி வேர் தெரிவதற்கு இதுவும் காரணம் என்றார் டாக்டர். ஸ்மார்ட் பிரஷ்ஷில் நான் உண்மையாகவே காசு கொடுக்கத் தயாரான ஒரே அம்சம் இந்த அழுத்த விளக்குதான். அது ஆப் இல்லாத நடுத்தர விலை மாடல்கள் பலவற்றிலும் கிடைக்கிறது. ஆப்பை ஏழாவது வாரத்திலிருந்து நான் திறக்கவே இல்லை. ஸ்மார்ட் பிரஷ் ஆய்வுகள் பலவும் சில வாரங்கள் மட்டும் நடந்தவை, கம்பெனிக் காசில் நடந்தவையும் உண்டு. அந்த ஏழாவது வாரத்துக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு வேண்டிய கேள்வி.

எந்த பிரஷ்ஷானாலும் ஈறு விளிம்பில் 45 டிகிரி சாய்த்து வைக்க வேண்டும். சார்லஸ் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் பிரபலமாக்கிய முறை இது. அப்படி வைத்தாலும் மயிர் ஈறுக்குள் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் போகும். அஞ்சு மில்லிமீட்டர் பள்ளத்தின் அடியில் இருப்பதை எடுக்க இருபதாயிரம் ரூபாய் பிரஷ்ஷாலும் முடியாது. அதற்கு டாக்டர்தான் இறங்கணும். காரையாக இறுகிவிட்டதும் அப்படித்தான்.

பற்களுக்கு நடுவே இன்னொரு பிரச்சினை. அங்கே எந்த பிரஷ்ஷும் எட்டாது, ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவதும் அங்கேதான். இடைவெளி இருந்தால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷைச் சுருக்கின மாதிரி இருக்கும் குட்டி பிரஷ் கிடைக்கிறது. டாக்டர் இரண்டு அளவு எழுதிக்கொடுத்தார். முதல் வாரம் ரத்தம் வந்தது, பயந்து நிறுத்தப் பார்த்தேன். "ரத்தம் வர்ற இடத்தைத்தான் விடக்கூடாது" என்றார். பத்து நாளில் நின்றது. புகைப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: புகை ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நோய் இருந்தும் ரத்தம் வராமல் போகலாம். ரத்தம் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

நாலு மாதம் கழித்து மறுபடி கம்பி. அந்த அஞ்சு இப்போது நாலு. மற்ற இடங்களில் ரத்தக்கசிவு பாதிக்கும் கீழே. இதில் எலெக்ட்ரிக் பிரஷ்ஷின் பங்கு எவ்வளவு, டாக்டர் ஆழமாகச் சுத்தம் செய்ததன் பங்கு எவ்வளவு, குட்டி பிரஷ்ஷின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் என்னால் பிரிக்க முடியாது. எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினேன். வேலையில் ஒரு ஜூனியர் இப்படி மூன்று மாற்றத்தை ஒரே நாளில் போட்டுவிட்டு எது சரிசெய்தது என்று தெரியவில்லை என்றால் திட்டியிருப்பேன். வாய் விஷயத்தில் காத்திருக்க மனசு வரவில்லை.

இப்போது நான் பயன்படுத்துவது ஆப் இல்லாத, டைமரும் அழுத்த விளக்கும் உள்ள திருகும் வகை. தலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உண்மையான செலவு அதில்தான், வாங்கும் முன் மாற்றுத் தலையின் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதா பிரஷ்ஷில் நன்றாகத் துலக்கி, டாக்டர் கம்பியில் மூணுக்கு மேல் எங்கும் வரவில்லை என்றால் மாற்ற ஒரு காரணமும் இல்லை. அந்தக் காசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை போய்க் கம்பியை விட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

அம்மா விஷயத்தில் மட்டும் யோசிக்கவே இல்லை. விரல் மூட்டுவலியில் அவளால் சாதா பிரஷ்ஷைச் சுழற்ற முடியவில்லை. எலெக்ட்ரிக்கின் தடித்த கைப்பிடியைப் பிடித்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்கிறது. முதல் நாள் வாய்க்குள் வைப்பதற்கு முன்னாலேயே ஸ்விட்சைப் போட்டுவிட்டாள். பேஸ்ட் முழுக்கக் கண்ணாடியில் தெறித்தது. "இது என்னடா, மிக்ஸி மாதிரி இருக்கு" என்றாள். இப்போது தினமும் இரண்டு வேளை, அது தானாக நிற்கும்வரை துலக்குகிறாள். ஸ்மார்ட் பிரஷ் பையனிடம் போய்விட்டது. அவன் மதிப்பெண் கூட்டுவதற்காக அதை வெறும் காற்றில் ஆட்டிப் பார்த்து 62 வாங்கியிருக்கிறான்.